வெற்றுக் காசோலைகளில் கையொப்பமிட்டேன். எங்கள் சங்கத்தை மீட்க வழி உண்டா?

முல்லைத்தீவு மாவட்டத்துக் குடியேற்றக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அவர் கேட்டபடி பெயரையும் ஊரையும் தவிர்த்து, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

போரில் காயப்பட்டவர்களுக்கும், உழைப்பவரை இழந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவுவதற்காக ஊரவர்களே நடத்தும் நலன்புரிச் சங்கம் அது. இடப்பெயர்வுக்கு முன்பே இருந்தது. 2009 இல் யாப்பு (சங்கத்தின் விதிகளை எழுதிய ஆவணம்), அங்கத்தவர் பதிவேடு, கூட்டறிக்கைப் புத்தகம் எல்லாம் அழிந்துபோயின. மீள்குடியேறிய பின், 2013 இல் பிரதேச செயலகத்தில் புதிதாகப் பதிந்தார்கள். இன்று 83 அங்கத்தவர்கள். மாதச் சந்தா 100 ரூபாய். பெருந்தொகை சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் ஊரவர்களிடமிருந்து வருகிறது. அன்றுதொட்டு தலைவர் ஒருவரே. கடிதம் எழுதியவருக்கு அவர் பெரியப்பா முறை. மூன்று வருடங்களாகப் பொதுக்கூட்டம் நடக்கவில்லை.

சகோதரி பொருளாளராக இருந்தவர். தாயாரை மகரகம வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்ல வேண்டி வந்தபோது, “பிள்ளைகளின் உதவிப்பணம் தடைப்படக்கூடாது” என்று தலைவர் கேட்க, காசோலைப் புத்தகத்தில் எஞ்சியிருந்த 10 தாள்களிலும் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்து கணக்குக் கேட்டபோது வாய்த்தர்க்கம் வந்தது. “இனி நான் பொருளாளர் இல்லை” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வங்கியில் அவருடைய கையொப்பம் இன்றுவரை மாற்றப்படவில்லை. அதன்பின் வெளிநாட்டுப் பணம் தலைவரின் சொந்தக் கணக்குக்கே வருகிறது. காயப்பட்டவர்களைக் கிளினிக்குக்கு ஏற்றிச்செல்லவென்று அந்தப் பணத்தில் வாங்கிய முச்சக்கர வண்டி தலைவரின் பெயரில் பதியப்பட்டிருக்கிறது. அதை அவருடைய மகன் வாடகைக்கு ஓட்டுகிறார்.

கூட்டம் கூட்டும்படி 22 பேர் எழுதிக் கொடுத்தபோது கிடைத்த பதில் இது: “சந்தா கட்டாதவர்கள் அங்கத்தவர்கள் இல்லை. நீ பதவியை விட்டபோதே சங்கத்தையும் விட்டுவிட்டாய். காசு தருபவர்கள் என்னை நம்பித்தான் தருகிறார்கள்.”

சகோதரி கேட்பவை: பிரதேச செயலாளர் தலைவரை நீக்க முடியுமா? பொலிஸுக்குப் போகலாமா? பழைய சங்கத்தைக் கலைத்துப் புதிதாக ஒன்றைத் தொடங்கலாமா? காசோலைகளுக்காகத் தான் சிறைக்குப் போகவேண்டி வருமா? தன்னுடைய காலத்தில் விடுபட்ட வவுச்சர்களை இப்போது எழுதி வைக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது. வவுச்சர்களை இப்போது எழுதாதீர்கள். ஒன்றைக்கூட எழுதாதீர்கள். நீங்கள் இதுவரை செய்தது கவனக்குறைவு. இன்று உட்கார்ந்து, பழைய திகதியைப் போட்டு ஒரு சிட்டை எழுதினால் அது பொய் ஆவணமாகிவிடும். கணக்குக் கேட்கும் உரிமையோடு நிற்கும் நீங்கள், கணக்கைத் திருத்தியவராகிவிடுவீர்கள். காசேட்டில் இடைவெளி இருந்தால் இருக்கட்டும். தனித்தாளில் இன்றைய திகதியிட்டு, “இந்தக் கொடுப்பனவுக்குச் சிட்டை என்னிடம் இல்லை, எனக்கு நினைவிருப்பது இது” என்று எழுதிக் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காசேட்டை எரித்துவிடும்படி அயலில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சொன்னவர் யாராயினும், அவரிடம் இனி யோசனை கேட்காதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

வங்கிக்கு நேரில் போங்கள். முகாமையாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நீங்கள் இன்னமும் கையொப்பதாரி என்பதையும், தொகையோ பெறுநர் பெயரோ எழுதப்படாத காசோலைகளில் முன்னர் கையொப்பமிட்டதையும், அவற்றில் இன்னும் மாற்றப்படாதவை இருந்தால் அவற்றை நிறுத்தவேண்டும் என்பதையும் அதில் தெளிவாக எழுதுங்கள். காசோலை இலக்கங்கள் நினைவில் இல்லாவிட்டால் கவலையில்லை. புத்தகம் வழங்கிய விபரம் வங்கியிடம் இருக்கும். உங்கள் பிரதியில் ‘கிடைத்தது’ என்று திகதி முத்திரை போடுவித்து வாங்குங்கள். அதே நேரத்தில் அந்தக் காலத்துக்கான கணக்குக் கூற்றையும் கேளுங்கள். கையொப்பதாரி என்ற வகையில் அதைக் கேட்கும் நிலையில் இன்னும் இருக்கிறீர்கள். வாயால் விலகினாலும் எழுத்தில் விலகாமல் இருந்தது இந்த ஒரு விடயத்தில் உங்களுக்கு நன்மையாகவே முடிந்திருக்கிறது.

கூற்று கைக்கு வந்தபின் 10 காசோலைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எத்தனை மாறின, எவ்வளவு தொகைக்கு, யார் பெயரில்? மாதாமாதம் உதவிபெறும் பிள்ளைகளின் பட்டியலோடு அவை பொருந்தினால் உங்கள் பயத்தில் பாதி அன்றே போய்விடும். பொருந்தாவிட்டால், எங்கே பொருந்தவில்லை என்பது உங்கள் கையில் இருக்கும். இரண்டில் எதுவானாலும் இப்போது நீங்கள் தூக்கமின்றிக் கற்பனை செய்துகொண்டிருப்பதைவிட நல்லது.

சிறை பற்றிய கேள்விக்கு வருகிறேன். நம்பிக்கை மோசடி என்ற குற்றத்தைத் தண்டனைச் சட்டக்கோவையின் 388 ஆம் பிரிவு வரையறுக்கிறது. ஒப்படைக்கப்பட்ட சொத்தை நேர்மையற்ற எண்ணத்தோடு தன்னுடையதாக்குவதோ அவ்வாறே பயன்படுத்துவதோ அதற்கு வேண்டும். தாயைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போகும் அவசரத்தில், பிள்ளைகளின் பணம் நிற்கக்கூடாதென்று கையொப்பமிட்டதில் அந்த எண்ணம் எங்கே இருக்கிறது? ஆனாலும் உங்களை முழுமையாக விடுவித்துவிட என்னால் முடியாது. ஒரு காசோலைக்கு இரண்டு பேரின் கையொப்பம் வேண்டும் என்று வைப்பதே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதற்குத்தான். வெற்றுத் தாளில் கையொப்பமிட்டுக் கொடுத்தால் இரண்டாவது கண் மூடிக்கொள்கிறது. பொதுச்சபை உங்களிடம் விளக்கம் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த விளக்கத்தை அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்களாகக் கொடுப்பது மேல்.

யாப்பைக் கையில் எடுங்கள்

உங்கள் கடிதம் முழுவதும் ஓர் இடைவெளி தெரிகிறது. தலைவர் சொல்வதும் நீங்கள் மறுப்பதும் இருக்கின்றன. யாப்பு என்ன சொல்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. “யாப்பு தலைவரிடம்தான் இருக்கிறது” என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 2013 இல் பதிந்தபோது ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்குப் போயிருக்கும். அதைத் தகவல் அறியும் உரிமைக்கான 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். யாப்பு, பதிவுக் கடிதம், அதன்பின் சங்கம் கையளித்த வருடாந்த அறிக்கைகள், நிர்வாகசபைப் பெயர்ப்பட்டியல்கள் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. இதே சட்டத்தை வைத்துச் சங்கத்திடமே கணக்குக் கேட்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச நிறுவனத்திடமிருந்தோ பெருமளவு நிதிபெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் அமைப்புகளுக்கே அது பொருந்தும். தனிப்பட்ட ஊரவர்களின் பணத்தில் நடக்கும் உங்கள் சங்கத்துக்குப் பொருந்தாது. சங்கத்திடம் கணக்குக் கேட்க உங்களுக்குள்ள உரிமை அங்கத்துவத்திலிருந்து வருகிறது.

பிரதி கிடைத்ததும் ஆறு விடயங்களைத் தேடுங்கள்: யார் அங்கத்தவர், எவ்வளவு நிலுவையால் அங்கத்துவம் போகும், பதவிக்காலம் எவ்வளவு, விசேட பொதுக்கூட்டத்தை எத்தனை பேர் கேட்கலாம், நிறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்த ஆட்தொகை) எவ்வளவு, சங்கம் கலைந்தால் சொத்து எங்கே போகும். மீள்குடியேற்றக் காலத்தில் பல கிராமங்கள் ஒரே மாதிரி யாப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் பதிந்தன. சில இடங்களில் பக்கத்துக் கிராமத்தின் பெயர் உள்ளே அப்படியே கிடப்பதையும் கண்டிருக்கிறேன். உங்களுடையதும் அப்படி ஒன்றாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதிந்தது எதுவோ அதுதான் இன்று உங்களைக் கட்டுப்படுத்தும்.

தலைவர் சொன்ன மூன்று வாதங்கள்

“பதவியை விட்டவர் சங்கத்தை விட்டவர்” என்பது தவறு. பதவி வேறு, அங்கத்துவம் வேறு. நீங்கள் விலகியது பொருளாளர் பொறுப்பிலிருந்து. அதுவும் எழுத்தில் இல்லை. அங்கத்துவத்திலிருந்து ஒருவரை நீக்க யாப்பில் ஒரு முறை இருக்கும். குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் கேட்டு, சபை தீர்மானிக்க வேண்டும். வளவில் நின்று சத்தமாகச் சொன்னால் அது நீக்கம் ஆகாது.

“சந்தா கட்டாதவர்கள் அங்கத்தவர்கள் இல்லை” என்பதில் ஓரளவு வலு இருக்கலாம். ஆகவே அதை இப்போதே செயலிழக்கச் செய்யுங்கள். நீங்கள் விலகியபின் சந்தா வாங்க யாரும் வரவில்லை என்கிறீர்கள். வராவிட்டால் நீங்கள் போங்கள். ஒவ்வொருவரும் தன் நிலுவையைச் சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே வைப்பிலிட்டு, வைப்புச் சீட்டில் தன் பெயரையும் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பதையும் எழுதட்டும். சீட்டின் பிரதியை ஒரு கோப்பில் சேருங்கள். தலைவர் பணத்தை வாங்க மறுத்தார் என்று வாதாட வேண்டிய தேவையே வராது. ஒரு குடும்பத்துக்கு மூன்று வருட நிலுவை 3,600 ரூபாய். கூலிக்குப் போகும் வீட்டுக்கு அது சிறுதொகை அல்ல என்பது தெரியும். முடியாதவர்களுக்கு முடிந்தவர்கள் கட்டலாம், ஆனால் சீட்டில் அங்கத்தவரின் பெயரே இருக்கவேண்டும்.

“காசு தருபவர்கள் என்னை நம்புகிறார்கள்” என்ற வாதம்தான் வன்னியில் பல சங்கங்களை முடக்கிவைத்திருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பனியிலும் இரவு வேலையிலும் உழைத்து அனுப்பும் பணத்தை நான் இலேசாகப் பேசமாட்டேன். ஆனால் சங்கத்துக்கென்று கொடுத்த பணம் கொடுத்த கணமே சங்கத்தினுடையது, சொன்ன நோக்கத்துக்கு உரியது. கொடுத்தவர் கணக்குக் கேட்கலாம், அடுத்த முறை கொடுக்காமல் விடலாம், நிபந்தனை வைத்துக் கொடுக்கலாம். யாப்பு அவரை அங்கத்தவராக ஏற்றிருந்தாலன்றி, தலைவர் யார் என்று தீர்மானிக்கும் வாக்கு அவருக்கு இல்லை. அவர்களை எதிர்த்தரப்பாக எண்ணாதீர்கள். பணம் தனியாள் கணக்குக்குப் போகிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாமலே இருக்கலாம். பழிச்சொல் இல்லாமல், “இனிச் சங்கத்தின் கணக்குக்கே அனுப்புங்கள், அனுப்பியதை எங்களுக்கும் அறிவியுங்கள்” என்று 22 பேரும் ஒப்பமிட்ட ஒரு கடிதம் போதும்.

பிரதேச செயலாளர், பொலிஸ், நீதிமன்றம்

பதிவு செய்த அலுவலகமே சங்கத்தின் மேலதிகாரி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது அப்படியல்ல. தன்னார்வ சமூகசேவை அமைப்புகளின் பதிவும் மேற்பார்வையும் பற்றிய 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உங்கள் சங்கம் பதியப்பட்டிருந்தால், மோசடி பற்றிய குற்றச்சாட்டை விசாரிக்க அதில் இடமுண்டு. ஆதாரம் இருக்கும்போது இடைக்கால முகாமைச் சபை ஒன்றை அமைச்சர் நியமிக்க 1998 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் பிரதேச செயலாளர் ஒரு கடிதத்தால் உங்கள் தலைவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. முடியாமலிருப்பது நல்லதும்கூட. இன்று உங்களுக்குப் பிடிக்காத தலைவரை நீக்கும் அதிகாரம் நாளை உங்களுக்குப் பிடித்தவரையும் நீக்கும். அவரிடம் போங்கள், ஆனால் கூட்டத்துக்கு ஓர் உத்தியோகத்தரைப் பார்வையாளராக அனுப்பும்படி கேட்கப் போங்கள்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். இந்தப் பதிவு சங்கத்தைச் சட்டத்தின் பார்வையில் ஒரு தனியாளாக ஆக்குவதில்லை. ஆகவேதான் வண்டி, காணி போன்றவை யாரோ ஒருவர் பெயரில் போய்விடுகின்றன. வழக்கு என்று வந்தாலும் சங்கத்தின் பெயரில் தொடுக்க முடியாது. ஒரே நலனுடைய பலர் சார்பில் சிலர், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16 ஆம் பிரிவின்படி மன்றின் அனுமதியோடு மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கலாம். தனியாளாகும் வழியாக 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம்தான். 83 பேர் கொண்ட கிராமச் சங்கத்துக்கு அதன் கடதாசி வேலை பாரமாகிவிடும். இப்போதைக்கு அதை விடுங்கள்.

முச்சக்கர வண்டி விடயத்தில் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் பக்கம் பலமானது. ஒருவருடைய பணத்தில் வாங்கிய சொத்து இன்னொருவர் பெயரில் இருந்தால், அதை அவருக்கே கொடுக்கும் எண்ணம் பணம் கொடுத்தவருக்கு இருக்கவில்லை என்று தெரியும்போது, பெயருடையவர் அதை மற்றவரின் நன்மைக்காகவே வைத்திருக்கிறார் என்று 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், 84 ஆம் பிரிவு சொல்கிறது. வாகனப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு கதை முடிவதில்லை. “கிளினிக்குக்கு வண்டி வாங்கப் பணம் அனுப்புகிறோம்” என்று வெளிநாட்டிலிருந்து வந்த குறுஞ்செய்தி, வங்கிப் பற்றுச்சீட்டு, வண்டியை வாங்கிய அன்று எடுத்த படம் எல்லாவற்றையும் சேருங்கள். இதை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். உறவும் ஊரும் கலந்த பிணக்குக்கு அது நீதிமன்றத்தைவிட நல்ல இடம்.

பொலிஸ் முறைப்பாட்டை நான் தடுக்கவில்லை, தள்ளிவைக்கச் சொல்கிறேன். கணக்குக் கூற்று கையில் இல்லாமல், பொதுச்சபையின் தீர்மானம் இல்லாமல் போனால் அது குடும்பச் சண்டையாகவே பதிவாகும். கணக்கு வைக்கத் தெரியாதவரும் திருடியவரும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரித் தெரிவார்கள். உங்கள் பெரியப்பா எந்த வகை என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் இன்னும் தெரியாது. முகாமில் இருந்தபோது நிவாரணப் பட்டியலை ஒரு குடும்பமும் விடுபடாமல் எழுதியவர் அவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் கூட்டம் கூட்டி நிறைவெண் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ஒருவர் முடிவெடுத்தார், மற்றவர்கள் பின்னால் நின்றார்கள், வேலை நடந்தது. வன்னியின் பல சங்கங்கள் அந்தப் பழக்கத்திலேயே தங்கிவிட்டன. கணக்கில் உண்மையான ஓட்டை தெரிந்தால், அப்போது தயங்காமல் போங்கள்.

கூட்டத்தை நீங்களே கூட்டுவது

சில யாப்புகளில் மூன்றிலொரு பங்கு அங்கத்தவர்கள் எழுத்தில் கேட்டால் விசேட பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும். உங்கள் யாப்பும் அப்படியானால் 83 பேரில் 28 பேர் வேண்டும். உங்களிடம் 22 பேர் இருக்கிறார்கள். இன்னும் ஆறு கையொப்பம். கோரிக்கையில் நோக்கத்தை வெளிப்படையாக எழுதுங்கள்: கணக்கறிக்கை, வண்டியின் உரிமை, நிர்வாகசபைத் தெரிவு, வங்கிக் கையொப்ப மாற்றம். எழுதாத விடயத்தில் தீர்மானம் எடுத்தால் பிறகு அது நிற்காது. செயலாளருக்கும் தலைவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். யாப்பில் சொன்ன காலத்துக்குள் அவர்கள் கூட்டாவிட்டால், கேட்டவர்களே கூட்டலாமா என்று பாருங்கள். பல யாப்புகளில் அந்த வாசகம் உண்டு. இல்லாவிட்டால் ஒரு சட்டத்தரணியைக் காட்டாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். செலவுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள்.

அறிவித்தல் 83 பேருக்கும் போகவேண்டும், உங்களை ஏசியவர்களுக்கும் சேர்த்து. கொடுத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள். நாளைக் கவனமாகத் தெரிவுசெய்யுங்கள். காலபோக அறுவடைக்குள்ளோ, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வாரத்திலோ வைத்துவிட்டு ஆட்கள் வரவில்லை என்று நொந்து பயனில்லை. ஞாயிறு பின்னேரம், சனசமூக நிலையத்தில் அல்லது பாடசாலை மண்டபத்தில் வையுங்கள். தலைவர் வராவிட்டால் உப தலைவர், அவரும் இல்லாவிட்டால் சபை தெரிவுசெய்யும் ஒருவர் தலைமை தாங்கட்டும். அது நீங்களாக இருக்கக்கூடாது. வந்தவர்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பத்தோடு பதியட்டும். வங்கி கையொப்பத்தை மாற்றக் கேட்கப்போவது இந்தக் கூட்டறிக்கையைத்தான்.

தலைவர் வந்தால் முதலில் அவரைப் பேசவிடுங்கள். குறுக்கே பேசாதீர்கள். விளக்கம் கேட்காமல் ஒருவரை நீக்கினால் நீதிமன்றத்தில் அந்த நீக்கம் எளிதில் விழும் என்பது ஒரு காரணம். ஊர் கேட்கட்டும் என்பது இன்னொன்று. சபை அவரையே மறுபடியும் தெரிவுசெய்தால் ஏற்றுக்கொள்ளத் தயாராகப் போங்கள். கணக்கு வெளியே வந்து, பணம் சங்கக் கணக்குக்குத் திரும்பி, வண்டிக்கு ஓர் எழுத்து வந்துவிட்டால், யார் கதிரையில் இருக்கிறார் என்பது சின்ன விடயம். அதே கூட்டத்தில் யாப்பை அதன் முறைப்படி திருத்தவும் தொடங்குங்கள். தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஒரே பதவி இல்லை, மூன்று கையொப்பதாரிகளில் இருவர், ஒரே வீட்டார் இருவர் காசோலையில் ஒப்பமிடக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு அறிவித்தல் பலகையில் என்பவை போதும். அதற்குமேல் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

புதிய சங்கம் பற்றி

தொடங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் 22 பேர் வெளியேறினால் பழைய சங்கத்தின் பணமும் வண்டியும் பெயரும் எஞ்சியவர்களிடமே இருக்கும். வெளியேறியவர்கள் கணக்குக் கேட்கும் உரிமையையும் இழந்துவிடுவார்கள். சங்கத்தைக் கலைத்தாலும் சொத்தை அங்கத்தவர்கள் பகிர்ந்துகொள்ள முடியாது. ஒத்த நோக்குடைய இன்னொரு அமைப்புக்கே அது போகும் என்று யாப்பில் இருக்கக்கூடும். தலைவர் விரும்பக்கூடிய முடிவும் நீங்கள் வெளியேறுவதுதான்.

அடுத்த மாதம் தலைவர் தன் வீட்டில் ‘ஒரு சின்னக் கூட்டம்’ வைக்கப்போவதாகவும், போகலாமா என்றும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். போங்கள், பெரியப்பா வீடுதானே. தேநீர் தந்தால் குடியுங்கள். ஆனால் எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள். வரவுப் பதிவு என்று நீட்டினாலும், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்து, கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்த பின்பே பேனாவைத் தொடுங்கள்.